வாசகர் கேள்வி – பதில்: ஒளிப்படங்களிலிருந்து கியூபிச ஓவியம்

ஒளிப்படங்களைக் கணினியில் வெட்டி இணைத்து ஓவியமாக்குவது பற்றி, இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை, ஒரு பொருளின் பல பக்கங்களை ஒரே ஓவியத்தில் சேர்த்துக் காட்டும் கியூபிச பாணியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இவ்விதழில் இப்பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: பாம்பன் தெற்குவாடிக் கரையில் நின்ற நாட்டுப்படகு ஒன்றைப் படமெடுத்து, கைபேசிச் செயலியிலுள்ள கியூபிச பில்டரில் இட்டேன். கண்ணாடி நொறுங்கியது போன்ற படம்தான் கிடைத்தது. பிக்காசோவின் ஓவியங்களில் உள்ள ஆழம் இதில் வராதது ஏன்?
— வாசகர், பாம்பன்

பதில்: பில்டரிடம் தாங்கள் கொடுத்தது ஒரே ஒரு படம். அதில் படகின் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நூறு துண்டாக்கினாலும் படகைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தியும் அதிலிருந்து பிறக்காது. கிம்ப் என்னும் இலவச மென்பொருளில் 'கியூபிசம்' என்ற பெயரிலேயே ஒரு பில்டர் உண்டு. படத்தில் ஆங்காங்கே உள்ள நிறத்தை எடுத்துச் சிறு சதுர ஓடுகளாகச் சாய்த்துச் சாய்த்துப் பரப்புவதே அது செய்யும் வேலை. ஓட்டின் அளவையும் நிறத்தின் அடர்த்தியையும் நாம் கூட்டலாம், குறைக்கலாம். படகின் மறுபக்கத்தை அதனிடம் கேட்டுப் பெற முடியாது. 2015-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்ட, ஓர் ஓவியத்தின் பாணியை இன்னொரு படத்துக்கு ஏற்றும் முறையும், மறு ஆண்டே அதைக் கைபேசிக்குக் கொண்டுவந்த பிரிஸ்மா போன்ற செயலிகளும் இதைவிடத் திறமையானவை. ஆயினும் அவையும் ஓவியத்தின் தூரிகைத் தடத்தையும் நிறத்தையும் ஒளிப்படத்தின் மேல் பூசுகின்றனவே தவிர, ஒளிப்படத்தின் அடிப்படை அமைப்பை அப்படியே விட்டுவிடுகின்றன.

கியூபிசம் பிறந்த வழி இதற்கு நேர்மாறானது. கியூபிச ஓவியர்கள் பொருளைச் சுற்றி நடந்து, முன்னும் பின்னும் மேலும் உள்ளும் கண்டவற்றையெல்லாம் ஒரே தளத்தில் ஒருசேர வைக்க முயன்றார்கள். பிக்காசோ 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியத்தை வரைந்த 1907-ஆம் ஆண்டில்தான், அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த பிரெஞ்சு ஓவியர் செசானின் ஓவியங்களைத் திரட்டி வைத்த பெரிய கண்காட்சி பாரிசில் நடைபெற்றது. பொருளின் திண்மையைத் தளம் தளமாகக் கட்டி எழுப்பும் செசானின் முறை இளம் ஓவியர்களை உலுக்கியது. 1908-இல் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக், மார்செய் நகருக்கு அருகிலுள்ள லெஸ்தாக் என்ற கடற்கரை ஊரில் வரைந்த வீடுகளைப் பார்த்த விமர்சகர் லூயி வோசெல், எல்லாவற்றையும் கனசதுரங்களாக்கிவிட்டார் என்று எழுதினார். இயக்கத்தின் பெயர் அதிலிருந்து கிளைத்தது. மறு ஆண்டு ஸ்பெயினின் ஓர்த்தா என்னும் மலையூரில் தங்கி வரைந்த பிக்காசோ, அவ்வூர் வீடுகளைத் தாமே ஒளிப்படமும் எடுத்தார். எனவே ஒளிப்படம் இக்கலைக்கு அந்நியமன்று. ஒரே ஒரு ஒளிப்படத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் அந்நியம். தங்கள் படகிடம் திரும்பப் போய், அதைச் சுற்றி வந்து எடுங்கள்.

கேள்வி: பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களைக் கரைக்கு அழைத்துச் சென்று படமெடுக்கச் சொல்ல விரும்புகிறேன். எதை, எப்போது, எப்படி எடுக்கச் சொல்ல வேண்டும்?
— ஆசிரியர், மண்டபம்

பதில்: கரையேற்றி வைத்த மரவள்ளத்தைவிடச் சிறந்த பொருள் இக்கடற்கரையில் வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. கூர்மையான அணியம் (முன்முனை), வளைந்த பக்கங்கள், உள்ளே விலா எலும்புகள்போல் வரிசையாக நிற்கும் வங்குகள், அடியில் நீண்டு செல்லும் ஏரா (அடிக்கட்டை) என்று ஒரே பொருளுக்குள் நேர்கோடும் வளைவும் குழிவும் அமைந்திருக்கின்றன. அதன் உட்புறமும் வெளிப்புறமும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான தோற்றம் உடையவை. கியூபிச ஓவியர்கள் கிதாரையும் வயலினையும் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டதற்கும் இத்தகைய அமைப்பே காரணம். பைபர் படகு வழவழப்பாக இருப்பதால் தளங்கள் பிரிந்து தெரியா. மாணவர்களுக்கு மரப்படகையே காட்டுங்கள்.

ஒவ்வொரு மாணவரும் வள்ளத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரட்டும். அணியத்துக்கு நேர் எதிரே ஒரு படம், இரு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, பின்புறம் ஒன்று, உடைமையாளர் அனுமதித்தால் மேலே ஏறி நின்று உட்புறத்தைக் குனிந்து பார்த்து ஒன்று, மணலில் உட்கார்ந்து ஏராவை நோக்கி ஒன்று என்று எடுத்தபின், கைக்கெட்டும் தூரத்தில் நின்று பலகைகளின் இணைப்பு, நங்கூரக் கயிற்றின் முடிச்சு, பெயின்ட் உரிந்த இடம் ஆகியவற்றையும் எடுக்கட்டும். கைபேசியின் அகலக்கோண லென்ஸைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அது ஓரங்களிலுள்ள நேர்கோடுகளை வளைத்துவிடும், பின்னர் வெட்டும்போது நமக்கு வேண்டியவை அந்த நேர்கோடுகளே. திரையில் அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டப்படும் வசதியையும் கற்றுக்கொடுங்கள். இல்லையேல் நிழல்பக்கத்தை எடுக்கும்போது கைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிட, எல்லாத் தளங்களும் ஒரே மங்கலில் வந்து சேரும்.

நேரம் பற்றி: காலையிலும் மாலையிலும் எடுப்பதே நல்லது என்பது பொதுவான அறிவுரை. ஆனால் உச்சிவேளையிலும் ஒரு முறை போய்ப் பாருங்கள். நம் கரையின் வெளிர்மணல் வெயிலை வாங்கி மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால், வள்ளத்தின் அடிவயிறு கீழிருந்து ஒளிபெற்று, தார் பூசிய பலகைகளின் விளிம்புகள் மெல்லிய வெண்கோடுகளாகத் தெரியும். வேறெந்த நேரத்திலும் அந்தத் தோற்றம் கிடைக்காது. காலைப் படமும் உச்சிவேளைப் படமும் ஒரே ஓவியத்தில் சேரலாமா என்று மாணவர் கேட்பார்கள். தாராளமாகச் சேரலாம், ஒரே சூரியனுக்குக் கட்டுப்படாத ஓவியம் இது.

காலத்தையே பொருளாகக் கொள்ள விரும்பும் மாணவர்களுக்குப் பாம்பன் பாலத்தைக் கொடுங்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, கப்பல் வரும்போது செங்குத்தாக மேலே உயர்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் இரு பகுதிகள் கைகளைத் தூக்குவதுபோல இருபுறமும் எழும்பின. தாழ்ந்த நிலை, பாதி உயர்ந்த நிலை, முழுதும் உயர்ந்த நிலை ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் நின்று எடுத்தால், ஓவியத்தில் அப்பகுதி மூன்று உயரங்களிலும் ஒரே நேரத்தில் இருக்கும். சாலைப் பாலத்திலிருந்து எடுப்பவர்கள் போக்குவரத்தைக் கவனிக்க வேண்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால், டிரோன் பறக்கவிடும் எண்ணம் அனுமதியின்றி வேண்டவே வேண்டாம்.

தனுஷ்கோடியை மட்டும் முதற்பாடமாக வைக்காதீர்கள். 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களை நாம் மேலும் உடைத்தால், புயல் உடைத்தது எது, ஓவியர் உடைத்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். முழுமையாக நிற்கும் பொருளைப் பிரித்தால்தான் பிரித்தது தெரியும். அத்தனை உயிர்கள் போன இடத்தைப் பயிற்சிக்களமாக்குவதும் எனக்கு உடன்பாடானதன்று.

கேள்வி: வள்ளம் ஒன்றைச் சுற்றி எடுத்த படங்கள் கையில் இருக்கின்றன. மடிக்கணினியில் கிம்ப் நிறுவியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்கி எப்படி இணைப்பது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டுகிறேன்.
— கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: மடிக்கணினியைச் சற்று நேரம் மூடியே வைத்துவிட்டு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, வேறெந்தப் படத்திலும் இல்லாத எந்தச் செய்தி அதில் இருக்கிறது என்று இரண்டு மூன்று சொற்களில் எழுதுங்கள்: அணியத்தின் கூர், வங்குகளின் வரிசை, தார் பூசிய அடிப்பக்கம், கயிறு தேய்த்த விளிம்பு. அப்படி எதுவும் எழுத முடியாத படத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள். நான் வலியுறுத்தும் ஒரே விதி இதுதான்: ஓவியத்தில் இடம்பெறும் ஒவ்வொரு துண்டும் மற்றத் துண்டுகள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்விதியைப் பின்பற்றினால் பாதிப் படங்கள் கழிந்துபோகும்; எஞ்சியவை போதும்.

அடுத்து, அதே தாளில் ஓவியத்தின் எலும்புக்கூட்டை வரையுங்கள். அணியம் தரையோடு எந்தக் கோணத்தில் எழுகிறதோ அந்தச் சாய்வையே அடிப்படைக் கோடாகக் கொண்டு, அதற்கு இணையாக வேறு இரண்டு மூன்று இடங்களில் கோடுகள் இடுங்கள். அவற்றை வெட்டிச் செல்லும் எதிர்ச்சாய்வுகள் சில, வள்ளத்தின் பக்கவளைவிலிருந்து எடுத்த வில் ஒன்று. ஒரே சாய்வு திரும்பத் திரும்ப வரும்போது, எங்கெங்கோ நின்று எடுத்த துண்டுகள் ஒரு குடும்பமாகிவிடும். நடுவில் கோடுகள் நெருக்கமாகவும் ஓரங்களில் தளர்வாகவும் இருக்கட்டும். மூலைகளை நிரப்பத் துடிக்காதீர்கள். பிராக்கும் பிக்காசோவும் நீள்வட்ட வடிவக் கித்தானில் பல ஓவியங்கள் தீட்டினார்கள். மூலையில்லாத கித்தானில் அந்தத் தொல்லையே இல்லை.

இனிக் கணினி. பெரிய அளவில் புதிய கித்தான் ஒன்றைத் திறந்து, தாளில் வரைந்த எலும்புக்கூட்டைப் படமெடுத்து அடி லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அடுக்குகளில் கீழானதாக, இடுங்கள். பிறகு ஒவ்வோர் ஒளிப்படத்தையும் தனியே திறந்து, 'ஃப்ரீ செலக்ட்' கருவியால் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து, வேண்டிய பகுதியைப் பலகோண வடிவில் தேர்ந்தெடுங்கள். பலகோணத்தின் ஒரு விளிம்பாவது படகிலுள்ள ஓர் உண்மையான கோட்டின்மேல், அதாவது பலகையின் இணைப்பின்மேலோ வங்கின் ஓரத்தின்மேலோ செல்லட்டும். எல்லா விளிம்பும் மனம்போன போக்கில் வெட்டப்பட்டால் படகு கத்தரித்த காகிதமாகவே தோன்றும். வெட்டியதை நகலெடுத்துக் கித்தானில் புதிய லேயராக ஒட்டி, 'பெர்ஸ்பெக்டிவ்' கருவியால் நான்கு மூலைகளையும் இழுத்து எலும்புக்கூட்டின் சாய்வுக்குப் பொருத்துங்கள். துண்டுகளின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியதில்லை. கயிற்று முடிச்சு அணியத்தைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இதுவரை செய்தது பொறுமை இருந்தால் எவருக்கும் கைகூடும். இனி வருவதே ஓவியத்தை ஓவியமாக்குவது. ஒவ்வொரு துண்டும் நான்கு பக்கமும் மூடிக் கிடந்தால் அது தனித்தனி ஓடாகவே நிற்கும். செசானிடம் கற்றுக்கொண்டு பிராக்கும் பிக்காசோவும் தளங்களின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்கள். அந்த வழியாக ஒரு தளத்தின் நிறம் அடுத்ததற்குள் கசிந்து செல்லும். கிம்பில் இதைச் செய்ய, துண்டின் லேயருக்கு வெள்ளை நிற லேயர் மாஸ்க் ஒன்றைச் சேர்த்து, திறக்க வேண்டிய பக்கத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் செல்லும் கிரேடியன்ட்டை இடுங்கள். கறுப்பு விழுந்த இடம் மறைந்து, உள்நோக்கி வர வர மெல்லத் துலங்கும். மற்றப் பக்கங்கள் கத்தியால் வெட்டியதாகவே இருக்கட்டும்.

பின்னர் ஒளி. துண்டுக்கு மேலே, கீழுள்ளதை இருட்டாக்கும் 'மல்டிபிளை' முறையில் ஒரு லேயர் அமைத்து, அந்தத் துண்டின் எல்லைக்குள் மட்டும், ஒரு விளிம்பில் அடர்ந்து எதிர்விளிம்பில் மறையும் பழுப்பு நிழலை இடுங்கள். ஒரு தளத்தின் இருண்ட விளிம்பு அடுத்த தளத்தின் வெளிச்சமான விளிம்பைத் தொடுமாறு அமைத்தால், எது முன்னே எது பின்னே என்று கண் தடுமாறத் தொடங்கும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நாம் தேடிக்கொண்டிருந்தோம். இறுதியாக, மெல்லிய தூரிகையால் அடர்பழுப்புக் கோடுகளைச் சில இடங்களில் மட்டும் இட்டு, பாதியில் நிறுத்திவிடுங்கள். வள்ளத்தைச் சுற்றி முழு எல்லைக்கோடு வரைந்தால் இதுவரை திறந்த வாயில்கள் எல்லாம் அடைபட்டுவிடும். ஆயில் பெயின்ட் பில்டர் எதுவும் வேண்டாம். மரத்தின் இழையும் உரிந்த பெயின்ட்டும் ஒளிப்படம் தந்த கொடை, அவற்றை எதற்காகப் பூசி மெழுக வேண்டும்?

வேலை முடிந்ததா என்று அறிய, படத்தைக் கட்டைவிரல் நகத்தளவு சுருக்கி, அதைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் காட்டுங்கள். பார்த்தவுடன் படகு என்றால் இன்னும் பிரிக்க இடமுண்டு. நெடுநேரம் பார்த்தும் எதுவும் புலப்படவில்லையென்றால் அணியத்தின் கூர் போன்ற ஓர் அடையாளத்தைத் தெளிவாகத் திரும்ப வையுங்கள். கிம்பின் எக்ஸ்.சி.எஃப் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஜேபெக்காக மட்டும் சேமித்தால் லேயர்கள் போய்விடும்.

கேள்வி: என்னிடம் கைபேசி மட்டுமே இருக்கிறது. கணினி இல்லாமல் இதைச் செய்ய வழியுண்டா?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உண்டு. ஐபிஸ் பெயின்ட் செயலியில் லேயர், வளைத்துத் தேர்ந்தெடுக்கும் லாஸோ, மல்டிபிளை ஆகிய மூன்றும் இருக்கின்றன; நான்கைந்து துண்டுகள் கொண்ட ஓவியத்துக்கு அதுவே போதும். அதுவும் கடினமாகத் தோன்றினால், ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1982-இல் போலராய்டு படங்களைக் கொண்டு செய்ததைச் செய்து பாருங்கள். ஒரு காட்சியைச் சிறு சிறு பகுதிகளாக, சற்றுச் சற்று இடம் மாறி நின்று எடுத்து, வெட்டாமல் கட்டம் கட்டமாக அடுக்கினார் அவர். படங்களைச் சிறிய அளவில் அச்சிட்டு, தரையில் பரப்பி, கையால் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது திரையில் செய்வதைவிட விரைவில் கண்ணைப் பழக்கும்.

கேள்வி: கியூபிச ஓவியங்கள் பழுப்பும் சாம்பலுமாகவே இருக்கின்றனவே! எங்கள் ஊர்க் கடலின் நீலத்தையும் படகுகளின் வண்ணங்களையும் விட்டுவிட மனம் வரவில்லை.
— வாசகி, இராமேசுவரம்

பதில்: விட வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஏன் விட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. கியூபிசத்தின், ஏறத்தாழ 1909 முதல் 1912 வரையிலான பகுப்பாய்வுக் கட்டத்தில், தளங்களைப் பிரித்துக் காட்டுவதே முதல் வேலையாக இருந்தது. நீலம், சிவப்பு என்று நிறங்கள் உரக்கப் பேசினால் கண் நிறத்தைப் பின்தொடர்ந்து போய்விடும். தளங்களின் சாய்வைக் கவனிக்காது. பல படங்களிலிருந்து வெட்டி இணைப்பவர்களுக்கு இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. வெவ்வேறு வேளையில் எடுத்த துண்டுகளின் நிறமாறுபாடு, எல்லாவற்றையும் ஒரே பழுப்புக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவுடன் மறைந்துவிடும். நம் கரையில் அதற்கான நிறங்களுக்குப் பஞ்சமே இல்லை: கருவாட்டின் வெளிர்பழுப்பு, பனைமரத்தின் சாம்பல், வெயிலில் வெளுத்த பலகை, தாரின் கறுப்பு. முதல் ஓவியத்தை இந்நிறங்களில் செய்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

1912-க்குப் பிறகு வந்த தொகுப்புக் கட்டத்தில் நிறம் திரும்பி வந்தது; ஸ்பெயின் ஓவியர் ஹுவான் கிரிஸின் ஓவியங்களில் நீலமும் பச்சையும் தாராளமாக இருக்கும். அந்த ஆண்டில்தான் பிக்காசோ, பிரம்பு பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். பிராக் சுவர்த்தாள் துண்டுகளை ஒட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே அச்செழுத்துகளை ஓவியத்துக்குள் கொண்டுவந்திருந்தார். தாங்களும் கிழிந்த வலைத்துண்டு ஒன்றை வெள்ளைத்தாளின் மேல் விரித்து நேர் மேலிருந்து படமெடுத்து, 'மல்டிபிளை' முறையில் கடல்மேல் இட்டுப் பாருங்கள். வெள்ளை மறைந்து கண்ணிகள் மட்டும் நிற்கும். ஐஸ் பெட்டியின் எழுத்து, மீன் வாங்கிய சீட்டு, பழைய நாளிதழ் ஆகியவையும் அப்படியே பயன்படும்.

நீலத்தைப் பொறுத்தவரை, தங்கள் ஊருக்கு வேறெங்கும் இல்லாத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. தீவின் ஒருபுறம் அமைதியான பெண்கடல், மறுபுறம் அலையெறியும் ஆண்கடல். இரண்டையும் ஒரே நாளில் எடுத்து, அடுத்தடுத்த தளங்களாக, நடுவே மணலின் ஒரு கீற்று மட்டும் இருக்க வைத்துப் பாருங்கள். தீவில் வாழ்பவர் இரு கடலையும் ஒன்றாகவே மனத்தில் வைத்திருக்கிறார். நின்ற இடத்திலிருந்து எடுக்கும் ஒற்றைப் படத்தால் அதைக் காட்ட இயலாது.

கேள்வி: என் அப்பத்தாவின் முகத்தை இப்படிச் செய்ய ஆசைப்பட்டேன். வீட்டில் உள்ளவர்கள், உயிரோடு இருப்பவர் முகத்தை உடைக்கலாமா என்று வருந்துகிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், தொண்டி

பதில்: வீட்டாரின் வருத்தத்தைப் புறந்தள்ளாதீர்கள். முதலில் அப்பத்தாவிடமே கேளுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் காட்டி, அவர் சம்மதித்தால் மட்டும் தொடங்குங்கள்.

1910-இல் பிக்காசோ தம் ஓவிய வணிகர் கான்வைலரை வரைந்தபோது, முகமும் உடலும் நூற்றுக்கணக்கான தளங்களாகக் கரைந்துபோயின. ஆனால் கோத்த கைகளையும் தலைமயிரின் அலையையும் இனங்காணும்படி விட்டுவைத்தார். பார்ப்பவர் அவற்றைப் பிடித்துக்கொண்டு மனிதரிடம் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்பத்தாவிடம் அத்தகைய அடையாளங்கள் எவை என்று தேடுங்கள். தண்டட்டி அணிந்த காதாக இருந்தால், அந்தக் காதின் நீண்ட துளையும் அதன் வழியே தெரியும் கழுத்துச் சுருக்கமும் ஒரு தளம். பக்கவாட்டிலிருந்து மூக்குத்தி ஒரு தளம். வெற்றிலை மடிக்கும் விரல்கள் நேர் மேலிருந்து ஒரு தளம். கண்களை மட்டும் வெட்டாதீர்கள். ஒரு கண்ணை நேரிலும் மற்றதைப் பக்கவாட்டிலும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கண்ணும் முழுமையாக இருக்கட்டும். கண் பிளந்தால் பார்ப்பவருக்கு வலி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணம் வந்தபின் மற்றவற்றை அவர் பார்ப்பதில்லை.

தங்களை எதிரில் உட்காரவைத்து அவர் பேசிக்கொண்டிருக்கும்போது எடுங்கள். கேமராவுக்காக நிமிர்ந்து உட்கார்ந்த முகத்தில் ஒரு நிலைதான் இருக்கும். பேசும் முகம் திரும்பும், குனியும், சிரிக்கும். நமக்கு வேண்டிய பல பக்கங்களை அதுவே எடுத்துத் தரும். முடிந்த ஓவியத்தோடு, வெட்டாத நல்ல படம் ஒன்றையும் அச்சிட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இது முழுவதும் ஐரோப்பியருடைய முறையாயிற்றே! இந்தியாவில் யாரேனும் செய்திருக்கிறார்களா?
— வாசகர், இராமநாதபுரம்

பதில்: கல்கத்தாவின் ககனேந்திரநாத் தாகூர் 1920-களின் தொடக்கத்திலேயே செய்தார். 1922 டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளி ஓவியர்களுடைய படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அவருடைய ஓவியங்களும் உடன் இடம்பெற்றன. பாரிஸ் ஓவியர்கள் மேசைமேல் இருந்த கிதாரைப் பிரித்துப் பார்த்தார்கள் என்றால், இவர் ஒளியைப் பிரித்தார்: படிக்கட்டுகள், வாயில்கள், புராண நகரங்களின் மாடங்கள் ஆகியவற்றின் ஊடே கதிர்கள் வெட்டிக்கொண்டு செல்லும். பொருளைப் பிரிப்பதைவிட ஒளியைப் பிரிப்பது நம் வெயிலுக்குப் பொருத்தமானது என்று நான் நினைக்கிறேன். மீன்பிடி வலைகள் தொங்கும் ஓலைக்கொட்டகைக்குள் நண்பகலில் விழும் ஒளியை எடுத்துக்கொண்டு அவர் வழியில் முயன்று பார்க்கலாம்.

தங்கள் ஊர் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களையும் நேரம் ஒதுக்கிப் பாருங்கள். சேதுபதிகள் காலத்து அவ்வோவியங்களில் ஒரே சுவரில் கதையின் பல கட்டங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அதைக் கியூபிசம் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்குக் கதை சொல்வதே நோக்கம், பொருளின் வடிவத்தை ஆராய்வதன்று. எனினும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில், ஒற்றைக் கண்ணால் கண்டதுதான் உண்மை என்ற கட்டுப்பாடு அங்கே இல்லை. அந்தச் சுவர்களுக்கு முன் நின்றுவிட்டு வந்தவருக்குப் பிராக்கின் ஓவியம் அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

கேள்வி: பிக்காசோவின் ஓவியத்திலிருந்து சில துண்டுகளை வெட்டி என் படத்தில் சேர்த்து, அச்சிட்டு விற்கலாமா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கிறது. பிக்காசோ 1973-இல் மறைந்தார் என்பதால் 2033 முடியும்வரை அவருடைய ஓவியங்களுக்கு இங்கு உரிமைக்காப்பு உண்டு. 1963-இல் மறைந்த பிராக்குக்கு அது 2023-உடன் முடிந்தது. 1927-இல் மறைந்த கிரிஸுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. பாணி எவருக்கும் சொந்தமானதன்று. கியூபிச முறையில் தாங்களே எடுத்த படங்களைக் கொண்டு செய்த ஓவியம் தங்களுடையதே. இணையத்தில் கிடைத்த பிறர் ஒளிப்படம் வேண்டாம். விற்பதானால், படத்தில் அடையாளம் தெரியும்படி இருக்கும் மீனவரிடமும், கடற்பாசி எடுக்கும் பெண்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு, விற்கப் போவதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முடித்த ஓவியத்தைச் சுவரில் மாட்ட எந்த அளவில், எதில் அச்சிடுவது?
— வாசகர், ஏர்வாடி

பதில்: ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிடுங்கள். 12-க்கு 18 அங்குலம் வேண்டுமென்றால் கித்தான் 3600-க்கு 5400 பிக்சல், அதாவது ஒரு கோடியே 94 இலட்சம் பிக்சல் இருக்க வேண்டும். இதை வேலை தொடங்கும்போதே அமைத்துவிடுவது கட்டாயம், முடிந்தபின் பெரிதாக்கினால் விளிம்புகளின் கூர்மை போய்விடும். கைபேசிப் படம் ஒரு கோடியே 20 இலட்சம் பிக்சல்தானே என்று கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு படமும் கித்தானின் ஒரு மூலையை மட்டுமே நிரப்பப் போவதால் அது தாராளமாகப் போதும். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால், படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். இல்லையேல் அது சுருக்கப்பட்டே போய்ச் சேரும். பிளெக்ஸ் வேண்டாம், பளபளப்புத் தாளும் வேண்டாம். பழுப்பின் நுண்ணிய வேறுபாடுகள் மேட் தாளில்தான் தெரியும். கடற்கரை வீடுகளில் ஈரப்பதத்தால் தாள் அலையலையாக நெளியும் என்பதால், சட்டத்தின் பின்புறம் நான்கு மூலைகளிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றுப் போக இடம் விட்டு மாட்டுங்கள்.